டாக்டரே எம்.சி. போட்டால் வார்டை யார் பார்ப்பது?

ஒரு மருத்துவமனையில் நூறு டாக்டர்கள் இருக்கிறார்கள். ஒருவர் வரவில்லை. மீதி தொண்ணூற்று ஒன்பது பேரில் ஒருவரை அனுப்பிவிட்டால் தீர்ந்ததே? கிளினிக் தேதி தள்ளிப்போனது, அறுவைச் சிகிச்சை ரத்தானது என்று கேள்விப்படும்போது கோலாலம்பூரிலும் பினாங்கிலும் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் இரண்டு வேலைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, ஆள் தேடுவது. மற்றது, நோயாளியின் பொறுப்பை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றுவது. முதல் வேலை பத்து போன் அழைப்பில் முடியலாம். இரண்டாவது வேலையை அன்று காலையில் தொடங்கினால் முடியவே முடியாது. அதன் பெரும்பகுதி மாதக்கணக்கில் முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

எச்.ஓ. என்பவர் பட்டம் முடித்து, மலேசிய மருத்துவ மன்றத்தின் தற்காலிகப் பதிவோடு பயிற்சியில் இருக்கும் டாக்டர். பயிற்சிக்கு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில், மேற்பார்வையின் கீழ் மட்டுமே வேலை செய்யலாம். எம்.ஓ. முழுப் பதிவு பெற்றவர்; அரசு மருத்துவமனையின் இரவுகள் இவர் தோளில்தான் ஓடுகின்றன. ஸ்பெஷலிஸ்ட், ஒரு துறையில் நிபுணராகப் பதிவானவர்.

ஆன்கால் இரண்டு வகை. மருத்துவமனையிலேயே தங்கிப் பார்ப்பது ஒன்று. வீட்டில் இருந்தபடி போனை எடுத்து, தேவையென்றால் கிளம்பி வருவது மற்றொன்று. இரவு ஆன்கால் முடித்த மறுநாள் காலை அந்த டாக்டர் 'போஸ்ட்கால்'. உடம்பு இருக்கும், மூளை பாதிதான் இருக்கும்.

எம்.சி. எல்லாருக்கும் தெரிந்த நோய் விடுப்புச் சீட்டு. இ.எல். என்னும் அவசர விடுப்பு, தனி ஒதுக்கீடு கொண்ட விடுப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. முன்னறிவிப்பில்லாமல் எடுக்கப்பட்டு, வருடாந்திர விடுப்பிலிருந்து கழிக்கப்படும் நாள்தான் அது. பாஸ் ஓவர் என்பது பணி முடிந்து போகிறவர் வருகிறவரிடம் நோயாளிகளை ஒப்படைப்பது. லோக்கம், இன்னொரு டாக்டரின் இடத்தில் மணிக்கணக்குக்கோ ஒரு வேளைக்கோ கூலி பேசி வந்து நிற்கும் மாற்று மருத்துவர்.

எதிர்பாராதது என்று சொல்வதே தவறு

தனி ஆளுக்குக் காய்ச்சல் எதிர்பாராதது. ஒரு துறைக்கு அப்படி இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு துறையில் 30 எம்.ஓ.க்கள். ஒவ்வொருவரும் ஏதோ ஒரு காரணத்தால் 100 நாளில் 3 நாள் திடீரென்று வராமல் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 250 வேலை நாளுக்கு ஏழெட்டு நாள். குழந்தை, வயதான அப்பா அம்மா, டிங்கி, சளிக்காய்ச்சல் எல்லாம் சேர்த்து இது அதிகமில்லை. இந்தக் கணக்கின்படி 30 பேரும் வந்து நிற்கும் நாள் 40 விழுக்காடுதான். ஒருவர் குறையும் நாள் சுமார் 37 விழுக்காடு. இருவரோ அதற்கு மேலோ குறையும் நாள் சுமார் 23 விழுக்காடு. ரோஸ்டர் என்னும் பணி அட்டவணை முழுதாக நிரம்பும் காலைகள் பாதிக்கும் குறைவு. ஆனால் ரோஸ்டரோ எல்லாரும் வருவார்கள் என்ற நம்பிக்கையில் எழுதப்படுகிறது.

தினமும் ஒருவரைக் காத்திருப்பில் வைத்தால் 77 விழுக்காடு நாள்களைச் சமாளிக்கலாம். இருவரை வைத்தால் 94. மூன்றாவது ஆளால் கிடைக்கும் பயன் சொற்பம். எனவே 30 பேர் துறைக்கு இருவர் காத்திருப்பு என்பது ஆடம்பரமில்லை, அளவான ஏற்பாடு. ஒரு எச்சரிக்கை: இந்தக் கணக்கு ஒருவர் வராததற்கும் இன்னொருவர் வராததற்கும் தொடர்பில்லை என்று எடுத்துக்கொள்கிறது. ஒரே அறையில் படுத்துத் தூங்கும் ஆன்கால் டாக்டர்களிடையே சளிக்காய்ச்சல் நுழைந்தால் கணக்கு உடைந்துவிடும்.

இன்னொரு கணக்கும் தேவை. ஓர் இடத்தில் 24 மணி நேரமும் ஒரு டாக்டர் இருக்க வேண்டுமென்றால் ஆண்டுக்கு 8,760 மணி. வாரம் 45 மணி வேலை என்றால் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,340 மணி. அதில் வருடாந்திர விடுப்பு 25 நாள், பொது விடுமுறை 15, பயிற்சி வகுப்பு 7, நோய் விடுப்பு 5, ஆக 52 நாளைக் கழித்தால் (நாளுக்கு 9 மணி) மிஞ்சுவது 1,872 மணி. 8,760ஐ அதால் வகுத்தால் 4.7. ஒரு நாற்காலிக்கு ஐந்து பேர். மூன்று பேரை வைத்து ஓட்டினாலும் நாற்காலி காலியாகத் தெரியாது. ஏனென்றால் மீதி மணிகளைத் தொடர்ந்து 30 மணி நேரத்துக்கு மேல் விழித்திருக்கும் அதே மூன்று பேர் ஈடுகட்டுகிறார்கள். வாரத்துக்கு 45 மணி என்ற வரம்பு 2023 ஜனவரி முதல் வேலைச் சட்டத்தில் இருந்தாலும், அரசு மருத்துவர்கள் அந்தச் சட்டத்தின் கீழ் வருவதில்லை.

2016 டிசம்பரில் புதிய அரசு டாக்டர்களுக்கு ஒப்பந்த முறை வந்ததும், 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் வேலையிலிருந்து வெளியே வந்து நின்றதும் பலருக்கு நினைவிருக்கும். அப்போது பேசப்பட்டது நிரந்தர வேலை. ஆனால் ஆள் போய்க்கொண்டே இருக்கும் துறையில் முதலில் காணாமல் போவது காத்திருப்பில் இருக்கும் ஆள்தான். அந்த இடம் வெளியார் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அதை வெட்டுவது எளிது.

டாக்டர் என்றால் எந்த டாக்டர்?

எலும்பு முறிவுத் துறை எம்.ஓ.வைப் பிரசவ அறைக்கு அனுப்ப முடியாது. இரவு இரண்டு மணிக்கு அவசர சிசேரியன் என்றால் கத்தியை எடுக்கத் தெரிந்தவர் வேண்டும். குழந்தைகள் வார்டில் மூச்சுத் திணறும் பச்சிளம் குழந்தைக்கு உயிர்ப்பிப்பு செய்யத் தெரிந்தவர் வேண்டும். மயக்க மருந்துத் துறையில் ஒருவர் குறைந்தால் அன்று நான்கு துறைகளின் அறுவைச் சிகிச்சைப் பட்டியல் ஆட்டம் காணும். வெளியே காத்திருக்கும் நோயாளிக்கோ, 'சர்ஜன் இருக்கிறாரே, பிறகு ஏன் ரத்து?' என்றுதான் தோன்றும். சர்ஜன் இருக்கிறார். தூங்க வைத்து, மூச்சைப் பிடித்து, திரும்ப எழுப்புகிறவர் இல்லை.

ஆகவே மாற்று ஆள் பட்டியல் பெயர்ப் பட்டியலாக இருந்தால் பயனில்லை; திறன் அட்டவணையாக இருக்க வேண்டும். இடது ஓரத்தில் டாக்டர்கள். மேலே அந்தத் துறையில் இரவில் தனியாகச் செய்ய வேண்டிய ஏழெட்டு வேலைகள். ஒவ்வொரு கட்டத்திலும் மூன்றில் ஒன்று: தனியாகச் செய்வார், ஆள் பக்கத்தில் இருந்தால் செய்வார், செய்ய மாட்டார். இதைத் துறைத் தலைவர் கையெழுத்திட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ரோஸ்டர் எழுதும் மூத்த எம்.ஓ.வின் தலைக்குள் மட்டும் இந்த அட்டவணை இருந்தால், அவரே எம்.சி. போடும் நாளில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

எச்.ஓ.வை மாற்று ஆளாகக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வார்டில் கை கூடுதலாக இருக்கும். முடிவெடுக்கும் ஆள் அதிகமாக மாட்டார். எம்.ஓ. இடம் காலியாக இருக்கும்போது இரண்டு எச்.ஓ.க்களை நிறுத்துவது ஓட்டையைத் துணியால் மூடுவது போல. மூடியிருப்பதால் யாரும் பார்ப்பதில்லை, அதுதான் ஆபத்து.

சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் டாக்டர் மாமாவை ஒரு நாள் உட்கார வைக்கலாமே என்று சிறு கிளினிக் நடத்துகிறவர்கள் சிலர் நினைப்பதுண்டு. முடியாது. மலேசிய மன்றத்தின் பதிவும் நடப்பு ஆண்டுக்கான சான்றிதழும் இல்லாமல் இங்கே நோயாளி பார்ப்பது 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டப்படி குற்றம். அங்கே அவர் பேராசிரியராக இருந்தாலும் இதே கதைதான்.

காலை ஆறரைக்கு அழைப்பு வந்தால்

ஏழு மணிக்கு வர வேண்டியவர் ஆறரைக்கு அழைக்கிறார். ரோஸ்டர் பொறுப்பாளர் செய்ய வேண்டியவை, இந்த வரிசையில்:

1. நான்கு விவரம் கேட்டு எழுதுங்கள். எந்தப் பணி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை. இன்று அவர் பெயரில் நிற்கும் வேலைகள் (கிளினிக், அறுவைச் சிகிச்சை, மற்ற வார்டுகள் கேட்ட ஆலோசனை). அவரிடம் மட்டும் இருக்கும் தகவல் (நேற்று மாலை அனுப்பிய பரிசோதனை, குடும்பத்தாரிடம் சொன்ன வார்த்தை). எப்போது திரும்ப வாய்ப்பு. என்ன நோய் என்று துருவ வேண்டாம். தொற்றக்கூடியதா என்பது மட்டும் தேவை.

2. முதலில் வேலைகளை வகை பிரித்துப் பாருங்கள், ஆளைப் பிறகு தேடுங்கள். எது நிற்கவே கூடாது? அவசரப் பிரிவின் சிவப்பு மண்டலம் (உயிர் ஆபத்தில் இருப்பவர்களைப் பார்க்கும் இடம்), பிரசவ அறை, தீவிர சிகிச்சை, இரவு ஆன்கால். எது சில மணி தாமதிக்கலாம்? வார்டு சுற்று, வீட்டுக்கு அனுப்பும் சீட்டு. எது இன்று நடக்காவிட்டாலும் யாருக்கும் கெடுதல் இல்லை? வழக்கமான மறுபார்வைக் கிளினிக்கின் ஒரு பகுதி, பயிற்சி வகுப்பு, கூட்டங்கள். பாதி நாள்களில் பதில் இங்கேயே கிடைத்துவிடும்: மூன்றாவது வகையில் இருப்பவரை முதல் வகைக்கு நகர்த்தினால் போதும், வெளியே தேட வேண்டியதில்லை.

3. அதன் பிறகும் ஓட்டை இருந்தால் உள்ளிருந்து வெளியே போங்கள். அன்றைய காத்திருப்பு ஆள். பிறகு வேறு நாளில் ஈடு தரும் பேச்சோடு பணி மாற்றிக்கொள்ளச் சம்மதிப்பவர். பிறகு ஓய்வில் இருப்பவர். பிறகு ஸ்பெஷலிஸ்ட் ஒரு படி இறங்கி எம்.ஓ. வேலையைச் செய்வது. கடைசிப் படியைப் பல துறைகள் பேசவே கூசுகின்றன. ஆனால் ஒரு வேளை கிளினிக்கை ரத்துசெய்துவிட்டு ஸ்பெஷலிஸ்ட் பிரசவ அறையில் நிற்பது, போஸ்ட்கால் எம்.ஓ.வை நிறுத்துவதைவிட எவ்வளவோ மேல்.

4. ஒருவர் சரி என்றதும் எழுத்தில் உறுதிசெய்யுங்கள். 'இன்று 14ஆம் தேதி மாலை 5 மணி முதல் நாளை 15ஆம் தேதி காலை 8 மணி வரை, இரண்டாம் மாடி மகப்பேறு ஆன்கால், நீங்கள்.' இன்றிரவு என்று எழுதாதீர்கள். நள்ளிரவு 12 எந்தத் தேதியைச் சேர்ந்தது என்று சண்டை வரும்.

5. ஐந்து இடங்களுக்குச் சொல்லுங்கள்: தொலைபேசி ஆபரேட்டர், வார்டு சிஸ்டர், அவசரப் பிரிவு, அறுவைச் சிகிச்சைக் கூடம், ஆய்வுக்கூடம்.

6. பாஸ் ஓவர் எங்கே, யாரிடமிருந்து என்று முடிவு செய்யுங்கள். வராதவர் வீட்டில் இருக்கிறார், ஒப்படைக்க ஆளில்லை. ஆகவே முந்தைய பணியில் இருந்தவர்தான் ஒப்படைக்க வேண்டும். மாற்று ஆள் வந்து சேரும்வரை அவர் நிற்க வேண்டும், ஆனால் எத்தனை மணி வரை என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம். எல்லை சொல்லாவிட்டால் அவரே மாற்று ஆளாகிவிடுவார்.

எங்கே சறுக்குகிறது

மிகப் பழைய தவறு, ஓட்டையை நகர்த்துவது. திங்கள் ஆன்கால் அ, செவ்வாய் ஆ, புதன் இ, வியாழன் ஈ. திங்களன்று அ வரவில்லை. செவ்வாய்க்குரிய ஆ-வைத் திங்களுக்கு இழுக்கிறார்கள். செவ்வாய் காலை ஆ போஸ்ட்கால், அன்று இரவுக்கு ஆளில்லை. இ-யைச் செவ்வாய்க்கு இழுக்கிறார்கள். வியாழன்வரை இப்படியே போகும். நால்வரின் வீட்டுத் திட்டமும் கெடும். அதற்குப் பதில் அ திரும்பி வந்து ஆற்றக்கூடிய ஒரு நாளின் ஆளை, உதாரணமாக அடுத்த திங்களின் டாக்டர் உ-வை, இன்றைக்கு அழைத்து நேருக்கு நேர் மாற்றுங்கள். கெடுவது இரண்டு பேரின் திட்டம் மட்டும்.

அடுத்தது வாட்ஸ்அப். 'யாராவது இன்று ஆன்கால் எடுக்க முடியுமா, பிளீஸ்' என்று 40 பேர் குழுவில் போட்டால் 38 பேர் நீலக் குறி காட்டிவிட்டு அமைதியாவார்கள். வேறு யாரோ எடுப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். மீதி இருவரில் ஒருவர் போஸ்ட்கால். ஒவ்வொரு முறையும் ஒப்புக்கொள்வது மறுக்கத் தெரியாத அதே ஒரு ஆள். ஆறு மாதத்தில் அவரும் எம்.சி. போடுவார், இல்லை ராஜினாமா எழுதுவார். குழுவில் போடாமல், வரிசைப்படி ஒருவர் ஒருவராக அழைக்க வேண்டும். யாரைக் கடைசியாக எப்போது அழைத்தோம் என்ற பதிவு இருந்தால் அந்த வரிசை தானே வரும். ஆன்கால் அலவன்ஸ் பணியின் வகையையும் நாளையும் பொறுத்தது. ஒரு மாதம் முன்பே தெரிந்து வந்தாலும், அரை மணி முன்பு கூப்பிட்டு வந்தாலும் தொகை ஒன்றே. அதனால் ஈடாக ஓய்வு நாளைத் தவறாமல் கொடுப்பதைத் தவிர ரோஸ்டர் பொறுப்பாளர் கையில் வேறு நாணயம் இல்லை.

மூன்றாவது, ஆபரேட்டரிடம் உள்ள பழைய பட்டியல். எல்லாம் சரியாகச் செய்திருப்பார்கள். ஐந்து இடங்களில் ஓர் இடத்துக்குச் சொல்ல மறந்திருப்பார்கள். இரவு மூன்று மணிக்கு ஆய்வுக்கூடம் ஒரு நோயாளியின் பொட்டாசியம் அபாய அளவில் இருக்கிறது என்று அழைக்கும். மணி அடிப்பது காய்ச்சலில் தூங்கும் டாக்டரின் வீட்டில். ஆன்கால் எண் ஆளோடு ஒட்டாமல் பணியோடு ஒட்டியிருந்தால் (ஒரே கைப்பேசி கைமாறினால்) இந்தத் தவறு பாதி குறையும்.

இரண்டு டாக்டர்கள் தமக்குள் பேசி மாற்றிக்கொண்டு யாருக்கும் சொல்லாதது நான்காவது. ஏதாவது நடந்து விசாரணை வந்தால் ரோஸ்டரில் இருக்கும் பெயர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தனியார் மருத்துவமனையில் கதை வேறு

தனியார் மருத்துவமனையின் கதவில் பெயர்ப் பலகை இருக்கும் நிபுணர் பெரும்பாலும் அந்த மருத்துவமனையின் ஊழியர் அல்லர். அங்கே அறை எடுத்து, தம் நோயாளிகளிடம் தம் கட்டணத்தை வாங்கும் சுயேச்சை மருத்துவர். விடுப்பு எடுக்கும்போது மாற்று ஆளைப் பார்த்து வைப்பதும் வழக்கமாக அவர் பொறுப்பே. 'என் வார்டு நோயாளிகளைக் கொஞ்சம் பாருங்கள்' என்று சக நிபுணரிடம் சொல்லிவிட்டுப் போவார். இருவர் மட்டுமே உள்ள துறையில் ஒருவர் வெளிநாட்டில், மற்றவருக்குத் திடீர் நோய் என்றால் நிர்வாகம் திணறும்.

வெளியிலிருந்து ஒரு நிபுணரை அழைத்து அன்றே கத்தியைக் கொடுக்க முடியாது. 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டம் 2006 மே முதல் நடைமுறையில் இருக்கிறது. அச்சட்டத்தின் கீழ் அமையும் மருத்துவ ஆலோசனைக் குழுதான், எந்த டாக்டர் அந்தக் கட்டடத்தில் எந்தெந்தச் சிகிச்சை செய்யலாம் என்ற அனுமதியைப் பரிந்துரைக்கும். பட்டம், நிபுணர் பதிவு, முந்தைய வேலை, காப்புறுதி எல்லாம் பார்த்து முடிக்க நாளாகும். இதற்காகவே விவரம் தெரிந்த மருத்துவமனைகள் ஒவ்வொரு துறைக்கும் வெளியார் இருவர் மூவரை முன்பே அனுமதித்துப் பட்டியலில் வைத்திருக்கும். அவர்கள் ஆண்டில் ஒரு நாள் வந்தால் அதிகம். ஆனாலும் கோப்பு தயாராக இருக்கும்.

கூட்டரசு நீதிமன்றம் 2024இல் அளித்த ஒரு தீர்ப்பு இதை இன்னும் கூர்மையாக்கியது. எங்கள் டாக்டர்கள் சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள் என்று சொல்லித் தனியார் மருத்துவமனை நோயாளிக்குரிய கடமையிலிருந்து விலகிக்கொள்ள முடியாது என்றது அது. மாற்று ஆள் ஏற்பாட்டை நிபுணர்களின் சொந்த விவகாரம் என்று விட்டுவைத்திருந்த நிர்வாகங்களுக்கு அதன் பொருள் எளிது: யார் வந்து நிற்கிறார் என்பது இனி நிர்வாகத்தின் கவலையும்தான்.

சிறியதாகத் தோன்றும் ஒரு சிக்கல், பில்லைக் கட்டுவதாகக் காப்புறுதி நிறுவனம் தரும் உத்தரவாதக் கடிதம். அதில் சிகிச்சை தரும் டாக்டரின் பெயர் இருக்கும். டாக்டர் மாறினால் கவுண்டர் அதை உடனே நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மறந்தால் வீட்டுக்குக் கிளம்பும் நாளில் பில் மேசையில் குடும்பம் மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும்.

லோக்கம் வருகிறார்: வாசலில் பார்க்க வேண்டியவை

தெருமுனைக் கிளினிக்கிலும் தனியார் அவசரப் பிரிவிலும் லோக்கம் அன்றாட விஷயம். அவசரத்தில் தவறவிடுபவை:

1. நடப்பு ஆண்டின் பயிற்சிச் சான்றிதழ். டிசம்பர் 31 அன்று காலாவதியாகும். ஜனவரி முதல் வாரத்தில் போன ஆண்டுச் சான்றிதழின் படத்தை அனுப்பிவிட்டு வந்து உட்காருபவர்கள் உண்டு. படத்தை நம்பாமல் மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கள், இரண்டு நிமிடம். சான்றிதழில் பணியிட விவரமும் இருக்கும், அதையும் படியுங்கள்.

2. தொழில் காப்புறுதி. 2017 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி சான்றிதழுக்கே இது தேவை. ஆனால் அரசு டாக்டருக்கு அரசு தரும் பாதுகாப்பு அரசுப் பணிக்கு மட்டும். மாலையில் கிளினிக்கில் உட்காரும்போது அது அவரோடு வராது. அவர் சொந்தமாக எடுத்திருக்க வேண்டும். என்ன வகை என்றும் கேளுங்கள். சம்பவம் நடந்த நாளை வைத்துக் காக்கும் வகை என்றால், பிறகு அவர் சந்தா நிறுத்தினாலும் அந்த நாளுக்குக் காப்பு உண்டு. வழக்கு வரும் நாளை வைத்துக் காக்கும் வகை என்றால், வழக்கு வரும்போது காப்பு உயிரோடு இருக்க வேண்டும். தீபகற்ப மலேசியாவில் கவனக்குறைவு வழக்குக்குப் பொதுவாக 6 ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஒரு மாலை வேலைக்கு ஆறு ஆண்டு நிழல்.

3. அரசு டாக்டரென்றால் துறைத் தலைவரின் எழுத்து அனுமதி. வெளிவேலைக்கு அது வேண்டும் என்பது 1993ஆம் ஆண்டு பொதுச் சேவை நடத்தை விதிகளில் இருக்கிறது. வாய்வழிச் சம்மதம் காகிதமாகாது.

4. நேற்றிரவு எங்கே இருந்தார்? கேட்கச் சங்கடம்தான், கேட்டாக வேண்டும். ஆன்கால் முடித்து நேராக லோக்கத்துக்கு வருபவர் காகிதத்தில் தகுதி உடையவர், நாற்காலியில் இல்லை.

5. சொந்த முத்திரை. எம்.சி. சீட்டிலும் மருந்துச் சீட்டிலும் வந்தவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். கிளினிக் உரிமையாளரின் முத்திரையைக் குத்தி லோக்கம் கையெழுத்திடுவது வழக்கமாகிவிட்ட இடங்கள் உண்டு, நோயாளியின் முதலாளி எம்.சி. பற்றிக் கேள்வி கேட்டு அழைக்கும்போதுதான் விபரீதம் தெரியும்.

அறையில் ஒரு பக்கத் தாளை ஒட்டி வையுங்கள்: மருந்து அறையில் எது எங்கே, அவசர மருந்துப் பெட்டியும் ஆக்ஸிஜனும் எங்கே, ஆம்புலன்ஸ் அழைப்பது யார், எந்த நிறுவனங்கள் பேனல் (ஊழியரின் பில்லை நிறுவனமே கட்டும் ஏற்பாடு), உரிமையாளரை எந்த எண்ணில் பிடிப்பது. லோக்கம் வரவே இல்லையென்றால்? உதவியாளர் பழைய கார்டைப் பார்த்து மருந்து கொடுக்கக் கூடாது. 1952ஆம் ஆண்டு விஷப் பொருள் சட்டப்படி பட்டியலிட்ட மருந்துகளைக் கிளினிக் ஊழியர் கொடுப்பது டாக்டரின் நேரடி மேற்பார்வையில்தான். கதவைச் சாத்தி, அருகிலுள்ள கிளினிக்கின் பெயரை எழுதி ஒட்டுவதே வழி.

பெருநாள், பாலம், தேர்

மலேசியாவுக்கென்று ஒரு நல்ல வழக்கம் உண்டு. நோன்புப் பெருநாளில் தமிழரும் சீனரும் ஆன்கால் எடுப்பார்கள், சீனப் புத்தாண்டில் மலாய்க்காரரும் தமிழரும், தீபாவளியில் நம் ஆட்களுக்கு ஓய்வு. எழுதாத ஒப்பந்தம். 25 பேர் துறையில் இரண்டு தமிழர் என்றால் தீபாவளி பிரச்சினையே இல்லை. பெருநாள் வாரத்தில் அந்த இருவரும் சில சீன டாக்டர்களும் மட்டுமே மிஞ்சுவார்கள். அந்த வாரத்தில் அவர்களில் ஒருவர் எம்.சி. போட்டால், கூப்பிடலாம் என்று நினைக்கும் மலாய் டாக்டர்கள் ஊருக்கு, கிளந்தானுக்கோ கெடாவுக்கோ, போயிருப்பார்கள். ஆகவே பெருநாள் வாரத்தின் காத்திருப்பு ஆள் ஊரிலேயே இருப்பவராக, பெயர் குறித்து, இரண்டு மாதம் முன்பே எழுதப்பட வேண்டும்.

பினாங்கில் தூரம் கிலோமீட்டரில் இல்லை, பாலத்தில் இருக்கிறது. பாலத்துக்கு அப்பால் பெருநிலத்தில், புக்கிட் மெர்தாஜாமில் குடியிருப்பவர் தீவில் வீட்டு ஆன்கால் எடுத்தால், இரவில் அரை மணியில் வந்து சேரும் அதே வழி மாலை ஆறு மணிக்கு எவ்வளவு ஆகும் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது. தைப்பூசத்தில் தேர் வரும் சாலைகளும் தண்ணீர்மலைப் பக்கமும் அடைபடும். ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனை அங்கிருந்து தூரமில்லை. கோலாலம்பூரில் ஜாலான் துன் எச்.எஸ்.லீ கோயிலிலிருந்து பத்துமலைக்குத் தேர் புறப்படும் இரவும் அப்படியே. அந்த நாள்களில் வீட்டு ஆன்காலை மருத்துவமனையிலேயே தங்கும் ஆன்காலாக மாற்றுவது, அல்லது அடைபடும் வட்டத்துக்குள் குடியிருப்பவரைப் போடுவது, இரண்டில் ஒன்று வேண்டும்.

நோயாளி என்ன கேட்கலாம்

முன்பின் பார்க்காத டாக்டர் உள்ளே வந்தால் பெயர் கேட்கலாம், என்ன பதவி என்று கேட்கலாம், பழைய டாக்டரின் குறிப்பைப் படித்தீர்களா என்று கேட்கலாம். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அவசரமில்லாத அறுவைச் சிகிச்சைக்குச் சர்ஜனே மாறினால், பழையவரிடம் இட்ட கையெழுத்தோடு விட்டுவிடாமல் புதியவர் உங்களிடம் பேசி விளக்க வேண்டும். காத்திருக்கிறேன் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. அவசரமென்றால் வாதாட நேரமில்லை, உங்களுக்கு ஒவ்வாத மருந்துகளையும் தற்போது சாப்பிடும் மாத்திரைகளையும் புதியவரிடம் நீங்களே ஒருமுறை வாயால் சொல்லிவிடுங்கள், கோப்பில் இருந்தாலும் சரி. கிளினிக்கென்றால், எம்.சி. சீட்டின் முத்திரையில் இருக்கும் பெயர் உங்களைப் பார்த்தவருடையதா என்று கவுண்டரை விட்டு நகருமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.